பஷீராவின் இடது செருப்பு

தென் புறநகர் முன்மாதிரி அரசு மருத்துவமனையை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். என்ன இல்லை அங்கே? டாக்டர் உட்கார நாற்காலி இருக்கிறது. டாக்டர் இல்லாத நாட்களில் அந்த நாற்காலியில் டாக்டருடைய துண்டு இருக்கிறது. சுவருக்குச் சுவர் 'அமைதி காக்கவும்' என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் நோயாளிகள் இருமுகிறார்கள் என்றால் நிர்வாகம் என்ன செய்யும், பாவம்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகிற சாலையில், தண்ணீர் லாரிகள் திரும்புகிற முனையில் இருக்கிறது அந்த மருத்துவமனை. இதய மருத்துவர் புதன்கிழமைதோறும் வருவார். வருவார் என்று பலகையில் எழுதியிருக்கிறது. இரண்டாயிரத்து ஏழாம் வருஷக் கோடையில் ஒரு புதன்கிழமை, விடிந்தும் விடியாததுமாக, பீர்க்கன்கரணையிலிருந்து ஹாஜா மைதீன் தன் மனைவி பஷீராவை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு அங்கே வந்து இறங்கினார்.

ஹாஜா மைதீனுக்கு இரும்புலியூரில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற சின்னக் கடை. பஷீராவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கும் என்று ஆரம்பித்து, சீலையை உதறிக் காயப்போட்டாலே மூச்சு வாங்கும் என்கிற இடத்துக்கு வந்திருந்தாள். பெருங்களத்தூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணினா நல்லா ஆயிடுவாங்க. சிட்டியில பெரிய ஆஸ்பத்திரியில ஃப்ரீயாவே பண்றாங்க. ஆனா இங்க நம்ம ஏரியா ஹார்ட் டாக்டர் பார்த்து அனுப்பணும். லேட் பண்ணாதீங்க" என்று சொல்லியிருந்தார். லேட் பண்ணக்கூடாது என்பதற்காகத்தான் இருட்டோடு கிளம்பி வந்தார்கள். அதற்குள் வரிசை கேட்டைத் தாண்டி லாரி முனைவரைக்கும் வந்துவிட்டிருந்தது.

ஆனால் வரிசையில் ஆட்கள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் செருப்புகள். நடுநடுவே ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஒயர்கூடை, ஓர் அரைச் செங்கல். செங்கல்லுக்குச் சொந்தக்காரி அங்காளம்மாள் மதில் ஓரமாகக் குந்தியிருந்தாள். கட்டட வேலை பார்த்தவள். நெஞ்சுவலி வந்த பிறகு மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து செருப்புப் போடாத கால் அவளுக்கு.

"இன்னா பாய், யக்காவ இப்டி நிக்கவெச்சிகினு கீற? மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சி பாரு. செருப்ப வெச்சிட்டு இப்டி ஓரமா குந்த வை" என்றாள்.

ஹாஜா மைதீன் குனிந்து பஷீராவின் செருப்புகள் இரண்டையும் கழற்றி வரிசையில் வைத்தார்.

"அய்ய, ஜோடியாவா வெப்பாங்க? எவனாச்சும் மாட்டிகினு பூடுவான். ஒத்தைய வை. ஒத்தச் செருப்ப எவன் எத்துகினு போவான்?"

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ரேஷன் கடையிலிருந்து எல்லா இடத்திலும் இதுதான் முறை. ஹாஜா மைதீனுக்கும் தெரிந்ததுதான், பதற்றத்தில் மறந்துவிட்டார். நீல நிற ரப்பர் செருப்பில் இடதை மட்டும் வரிசையில் விட்டுவிட்டு வலதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு இதய மருத்துவர் வரவில்லை. நோயாளிகளிடம் பொறுமையாக நடந்துகொள்வது எப்படி என்று அவருக்குப் பயிற்சி வகுப்பு. அடுத்த புதன்கிழமை அரசு விடுமுறை. அதற்கடுத்த புதன்கிழமை வந்தார், ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற அளவு ஆட்களைப் பார்த்தார், மின்சாரம் போய்விட்டது, அவரும் போய்விட்டார். ஒவ்வொரு முறையும் செருப்புகளை எடுத்துக்கொண்டு போய், அடுத்த முறை யார் எங்கே இருந்தோம் என்று சண்டை போட்டு, மறுபடி வைத்தார்கள். சண்டை போடக்கூடப் பஷீராவுக்கு மூச்சு இல்லை.

இந்த நேரத்தில்தான் மருத்துவமனைக்கு உலகத் தரச்சான்றிதழ் வாங்குவது என்று மேலிடத்தில் முடிவானது. அந்தக் காலத்தில் தண்ணீர் பாக்கெட்டிலிருந்து தாலுகா ஆபீஸ் வரைக்கும் எல்லோரும் சான்றிதழ் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் டாக்டர் தட்சிணாமூர்த்தி எல்லாக் கேள்விகளுக்கும் பதில் தயார் செய்துவிட்டார். ஒரே ஒரு கேள்வி மட்டும் இடித்தது. 'ஒரு நோயாளி சராசரியாக எவ்வளவு காலம் காத்திருக்கிறார்?' அவர் எழுந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். காலை வெயிலில் செருப்புகள் வரிசையாக, சத்தமில்லாமல், ஒழுங்காக நின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூட இருமவில்லை.

அடுத்த புதன்கிழமை வளாகத்தில் ஷாமியானா போட்டு, ஊதுபத்தி ஏற்றி, விழா நடத்தினார்கள். கண்காணிப்பாளர் பேசியதை நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"பெரியோர்களே, காத்திருப்பு என்பது ஒரு நோய். இத்தனை காலமாக நாம் மற்ற நோய்களுக்கு மட்டுமே மருந்து கொடுத்துவந்தோம், அதுவும் கையிருப்பு இருந்தால். இன்றைக்கு நாம் காத்திருப்பையே நோயாளியின் உடலிலிருந்து பிரித்தெடுத்து அவருடைய செருப்பில் வைத்துவிட்டோம். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. மயக்கமருந்து தேவைப்படவில்லை. இனிமேல் இந்த வளாகத்தில் எந்த மனிதரும் காத்திருக்க மாட்டார். 'அப்படியானால் மனிதர்கள் எங்கே இருப்பார்கள்?' என்று என் மனைவி கேட்டார். அது எங்கள் துறையின் கீழ் வராது என்று சொன்னேன்."

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. இதய மருத்துவர் சிறப்பு விருந்தினராக மேடையில் உட்கார்ந்திருந்ததால் அன்றைக்கும் யாரையும் பார்க்க முடியவில்லை.

செருப்புகளுக்கென்று தனிக் கூடம் கட்டினார்கள். வெள்ளை டைல்ஸ், நான்கு மின்விசிறி, வழுக்காத தரைவிரிப்பு. கதவில் 'நோயாளிகள் உள்ளே வரக்கூடாது' என்று பலகை. செருப்புகளின் முனை டாக்டர் அறைக் கதவைப் பார்த்தே இருக்க வேண்டும், திரும்பியிருக்கிற செருப்பு அக்கறையில்லாத நோயாளியினுடையதாகக் கருதப்பட்டு வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படும் என்று விதி. இனி யாரும் செருப்பை எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. இடம் நிரந்தரமாக அங்கேயே இருக்கும். எந்தச் செருப்பு யாருடையது என்பது கணினியில் ஏற்றப்பட்டது. இதற்கெல்லாம் பொறுப்பாளராக, அதுவரை கேட்டில் நின்றிருந்த காவலாளி லாசரஸ் பதவி உயர்வு பெற்றார்.

லாசரஸ் முதல் வேலையாக அங்காளம்மாளின் செங்கல்லைத் தூக்கி வெளியே வைத்தார்.

"கல்லுக்கு நெஞ்சு வலிக்குமாம்மா? எத்துகினு போ."

"செருப்புக்கு மட்டும் வலிக்குதா லாசரசு?"

"அத மேல போயி கேளு. எனக்குக் குட்த்த ஆர்டர்ல செருப்புன்னுதான் கீது."

அங்காளம்மாள் எங்கேயோ குப்பையிலிருந்து ஒரு செருப்பைத் தேடிக்கொண்டு வந்தாள். அதற்குள் புது விதி வந்துவிட்டது. சிலர் பக்கத்து வீட்டுச் செருப்பையெல்லாம் வைத்து இரண்டு மூன்று இடம் பிடிப்பதாகப் புகார் வந்ததால், செருப்பு அவரவர் காலுக்குச் சேருகிறதா என்று பரிசோதிக்க ஆரம்பித்தார்கள். அந்த மருத்துவமனையில் நோயாளிகளுக்கு நடந்த முதல் பரிசோதனை அதுதான். அங்காளம்மாளின் கால் அந்தச் செருப்புக்குள் போகவில்லை. கேட்டுக்கு வெளியே விற்ற செருப்புகளிலும் போகவில்லை. அவ்வளவு வீங்கியிருந்தது.

பஷீராவின் காலும் வீங்கியிருந்தது. லாசரஸ் முட்டி போட்டு உட்கார்ந்து நீலச் செருப்பை மாட்டிப் பார்த்தார். வார் பாதி விரலோடு நின்றுவிட்டது.

"செருப்பு கரீட்டாதான் கீது. காலுதான் தப்பு பாய்."

"அண்ணா, இது அவ செருப்புதான். காலு வீங்கிகினே வருது. அமுக்குனா குழி வுழுது பாருங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா."

"டாக்டர்கிட்ட சொல்லணும்னா வரிசைல இருக்கணும். வரிசைல இருக்கணும்னா காலு சேரணும். நான் இன்னா பண்ண சொல்ற? சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிகினு வா."

காலைச் சரிசெய்ய ஹாஜா மைதீனுக்குத் தெரியாது. செருப்பைச் சரிசெய்யத் தெரியும். கடைக்குக் கொண்டுபோய், வாரை நடுவில் அறுத்து, மோட்டாருக்குச் சுற்றுகிற செம்புக் கம்பியை மூன்று புரியாக முறுக்கி நடுவில் இணைத்து அகலமாக்கினார். குத்தாமல் இருக்கக் கம்பியின் மேல் துணி நாடா சுற்றினார். சனிக்கிழமை லாசரஸ் மாட்டிப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றார். ஹாஜா மைதீனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்து, செருப்பு முனை கதவைப் பார்த்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு வீடு திரும்பினார்.

பஷீரா படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே கிடந்தாள். பீர்க்கன்கரணையில் மதியத்தில் கரண்ட் போகிற பருவம் அது.

"என் செருப்பு ஃபேன் காத்துல கீதுன்னு சொன்னீங்களே, நெசமாவா?" என்று கேட்டாள்.

"நாலு ஃபேன்."

"குடுத்து வெச்ச செருப்பு." சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கிற்று. "எத்தினி பேருக்குப் பின்னாடி நிக்குறேன்?"

அவள் 'என் செருப்பு நிற்கிறது' என்று சொல்லவில்லை, 'நிக்குறேன்' என்றாள். ஹாஜா மைதீனும் அப்படித்தான் பேச ஆரம்பித்திருந்தார். "இன்னைக்கு நீ ஃபேனுக்கு நேர் கீழ வந்துட்ட" என்பார். "இன்னைக்கு ஒரு லெதர் செருப்புக்காரர் டாக்டருக்குத் தெரிஞ்சவராம், உனக்கு முன்னாடி வந்துட்டாரு" என்பார். அவள் அந்த லெதர் செருப்புக்காரரைத் திட்டுவாள். பேசிக்கொள்ள அவர்களுக்கு அது ஒன்றாவது இருந்தது.

மழைக்காலம் தொடங்கிப் பீர்க்கன்கரணை ஏரியில் தண்ணீர் ஏறியது. ஒரு சனிக்கிழமை காலை பஷீராவின் உதடு நீலம் பூத்துவிட்டது. ஹாஜா மைதீன் ஆட்டோ பிடித்து அவளை அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே ஓர் இளம் டாக்டர் இருந்தார். நல்ல பிள்ளை. உடனே எழுந்து வந்தார், ஸ்டெதஸ்கோப்பைக்கூட எடுத்தார். அதற்குள் கணினியில் பெயரைத் தட்டிய பெண் ஏதோ சொல்ல, அவர் முகம் மாறியது.

"இவங்க ஏற்கெனவே ஹார்ட் ஓ.பி.யில காத்திருக்காங்களே?"

"அது செருப்பு சார்" என்றார் ஹாஜா மைதீன்.

"சிஸ்டத்துல பஷீரான்னுதான் இருக்கு. ஒரே பேஷண்ட் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்க முடியாது. புதன்கிழமை தரச்சான்றிதழ் குழு வராங்க, எல்லாத்தையும் பார்ப்பாங்க." டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு பண்ணுங்க. போய் செருப்பை எடுத்துட்டு வந்துடுங்க. இப்பவே அட்மிட் பண்ணி ஆக்சிஜன் வெச்சிடறேன். ஆனா ஹார்ட் டாக்டரைப் பார்க்கணும்னா திரும்ப கடைசியிலிருந்துதான் வரணும்."

ஹாஜா மைதீன் கூடத்துக்கு ஓடினார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். நீலச் செருப்புக்கு முன்னால் எதுவும் இல்லை. டாக்டர் கதவுக்கு நேராக, முதலாவதாக நின்றது. அதற்குப் பின்னால் கூடம் நிறையச் செருப்புகள், கூடத்துக்கு வெளியே வராண்டா முழுக்கச் செருப்புகள், கடைசிச் செருப்பு கண்ணுக்குத் தெரியவில்லை.

லாசரஸ் கதவைத் திறந்துவிட்டு, "எத்துக்கிறியா பாய்?" என்றார்.

குனிந்த கை அப்படியே நின்றது. எடுத்தால் இன்றைக்கு மூச்சு வரும், ஆபரேஷன் போய்விடும். விட்டால் புதன்கிழமை டாக்டர் பார்ப்பார். நான்கே நாள். அவர் எடுக்காமல் திரும்பி வந்து பஷீராவிடம் சொன்னார்.

"மொத ஆளா நிக்குறேனா?" என்றாள் அவள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "இவ்ளோ நாள் நின்னுட்டு இப்ப வுட்டுட்டுப் போறதா? வாங்க, வூட்டுக்குப் போலாம். புதங்கெழம வரைக்கும் நான் தாங்குவேன்."

இளம் டாக்டர் இரண்டு மாத்திரை கொடுத்தார். ஆட்டோவில் போகும்போது பஷீரா கணவர் தோளில் சாய்ந்துகொண்டு, ஆபரேஷன் முடிந்து வந்தால் முதல் காரியமாகக் குன்றத்தூர்ப் பக்கம் இருக்கிற தங்கை வீட்டு மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறிக் காட்டப் போவதாகச் சொன்னாள். ஹாஜா மைதீன் நம்பினார். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன். இதற்காக அவரை யாராவது முட்டாள் என்று சொன்னால் அவர்கள் அந்த வரிசையில் நின்று பார்த்ததில்லை என்று அர்த்தம்.

திங்கட்கிழமை மதியம், பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது, தலையணையில் சாய்ந்தபடியே பஷீரா இறந்துபோனாள்.

புதன்கிழமை காலை மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்தார்கள். அவளுடைய துணிமணிகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஜமாஅத்தில் பெரியவர்கள் சொன்னார்கள். சீலைகளைக் கொடுத்தார். வலது செருப்பை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒற்றைச் செருப்பை யார் வாங்குவார்கள்? ஹாஜா மைதீன் அதைப் பையில் போட்டுக்கொண்டு, ஜோடியை எடுத்துவர மருத்துவமனைக்குப் போனார்.

அன்றைக்கு வளாகம் முழுக்கத் தோரணம். சான்றிதழ்க் குழுவினர் வந்திருந்தார்கள். இதய மருத்துவர் சரியான நேரத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பாளர் குழுவினரைச் செருப்புக் கூடத்துக்கு அழைத்து வந்து விளக்கிக்கொண்டிருந்தார். லாசரஸ் வெள்ளைச் சீருடையில், ஸ்டீல் தட்டில் நீலச் செருப்பை ஏந்திக்கொண்டு நின்றார்.

"பஷீரா!" என்று கூப்பிட்டார்.

ஹாஜா மைதீன் முன்னால் வந்தார். "அவ மௌத்தாயிட்டா சார். செருப்ப வாங்கிகினு போலாம்னு வந்தேன்."

கண்காணிப்பாளர் முகம் சுண்டிவிட்டது. "எப்போ?"

"திங்கக்கெழம சார்."

"எங்கே?"

"வூட்டுல."

"வீட்டில்!" டாக்டர் தட்சிணாமூர்த்தி மூச்சு விட்டார். குழுவினர் பக்கம் திரும்பினார். "இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய முறையாக இருந்திருந்தால் இந்த அம்மையார் நம் வராண்டாவில் காத்திருந்து இறந்திருப்பார். அந்த அவலத்தை நம் திட்டம் தடுத்திருக்கிறது. அவர் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. காத்திருந்தது செருப்பு. செருப்பு, நீங்களே பார்க்கலாம், நல்ல நிலையில் இருக்கிறது." ஹாஜா மைதீனின் தோளைத் தட்டினார். "இவரைப் போன்றவர்களின் ஒத்துழைப்பு இல்லாமல் இந்தச் சாதனை சாத்தியமில்லை."

குழுவினர் தலையசைத்து எழுதிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் செருப்பின் வாரில் நாடா சுற்றிய செம்புக் கம்பியைத் தொட்டுப் பார்த்து, மருத்துவமனையே இதைச் செய்து கொடுக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றார் கண்காணிப்பாளர்.

இதய மருத்துவர் மட்டும் எழுந்து வந்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "என்ன பாய், கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக்கூடாதா? ரொம்பச் சாதாரண ஆபரேஷன். காப்பாத்தியிருக்கலாமே."

ஹாஜா மைதீனுக்கு அழுகை வரவில்லை. தட்டைக் காட்டினார்.

"முன்னாடியேதான் வந்துட்டா சார். மொத ஆளா நிக்குறா பாருங்க."

டாக்டர் செருப்பைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்து, "அடுத்தது" என்றார்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு செருப்பைக் கொடுத்தார் லாசரஸ். பையிலிருந்த வலதையும் எடுத்துக்கொண்டு ஹாஜா மைதீன் வெளியே வந்தால் மதில் ஓரத்தில் அங்காளம்மாள் குந்தியிருந்தாள். வரிசையில் இடமில்லாவிட்டாலும் புதன்கிழமை ஆனால் வந்துவிடுவாள். முகம் உப்பி, கண் சுருங்கியிருந்தது. அவர் கையில் ஜோடியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அடப் பாவி மனுசா" என்று வாயில் அடித்துக்கொண்டாள். "போயிட்டாளா? சிரிச்சிகினே பேசுமே."

ஹாஜா மைதீன் அவள் காலருகில் உட்கார்ந்து, இரண்டு செருப்பையும் கீழே வைத்தார். "நீ எடுத்துக்க யக்கா. அவ பேர்ல யாருக்காச்சும் குடுக்கணும்."

அங்காளம்மாள் தயங்கித் தயங்கி இடது காலை நுழைத்தாள். வீங்கிய கால் சிக்காமல் உள்ளே போயிற்று. செம்புக் கம்பி அவளுக்காகவே வைத்துக் கட்டியது மாதிரி சரியாக அமர்ந்தது. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சட்டென்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துப் பக்கம் நடந்தாள்.

"லாசரசு! காலு சேருது, வந்து பாரு!"

லாசரஸ் வந்து பார்த்தார். தலையாட்டினார். "இது ஏற்கெனவே பாஸான செருப்பாச்சே. போயி கடைசில வை."

அவள் வராண்டாவைக் கடந்து, படியிறங்கி, வண்டி நிறுத்துகிற இடம் தாண்டி, வரிசை முடிகிற இடத்தில் இடது செருப்பைக் கழற்றி வைத்தாள். வலதை எடுத்து மாராப்பில் செருகிக்கொண்டாள். "வரேன் பாய், நீ ஒண்டியா வூட்டுல குந்திகினு இராத" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு மேடவாக்கம் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். இரண்டு தப்படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினாள்.

அவளிடம் செருப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லலாமா, அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லலாமா என்று ஹாஜா மைதீனுக்கு வாய்வரைக்கும் வந்தது. செருப்பைப் பார்த்தார். வைத்த வேகத்தில் அது சாலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திரும்பியிருந்தால் இடம் போய்விடும்.

அவர் குனிந்து அதன் முனையை டாக்டர் கதவு இருக்கிற பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.